அருளர் (இசைத்தொகுப்பு)

அருளர் என்பது எம்.ஐ.ஏ. என்ற மேடைப்பெயரால் அறியப்படும் பிரித்தானியத் தமிழ்ப் பாடகி மாதங்கி "மாயா" அருள்பிரகாசத்தின் முதலாவது இசைத்தொகுப்பு ஆகும். இது 2005 மார்ச் 22 அன்று ஐக்கிய அமெரிக்காவிலும், ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து ஐக்கிய இராச்சியத்திலும் வெளியானது. எக்ஸ்எல் ரெக்கார்டிங்ஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. ஹிப் ஹாப், மின்னணு நடன இசை, யமேக்காவின் டான்ஸ்ஹால், பிரேசிலின் ஃபங்க் கரியோகா ஆகிய இசை வகைகள் இதில் ஒன்றாகக் கலந்துள்ளன. பாடல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை.

விற்பனையில் இத்தொகுப்பு பெரும் வெற்றி பெறவில்லை. எனினும் 2005ஆம் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புகளுள் ஒன்றாக விமர்சகர்கள் பலர் இதனைக் கருதினர். அவ்வாண்டின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. ஈழத்தமிழ் ஏதிலிக் குடும்பம் ஒன்றின் அனுபவம் மேற்கத்திய வெகுசன இசையின் நடுவே ஒலித்த தொடக்க கால நிகழ்வுகளுள் ஒன்று என்ற வகையில் இத்தொகுப்பு தமிழர் இசை வரலாற்றிலும் குறிப்பிடத்தக்கது.

பின்னணி

மாயா 1975 சூலை 18 அன்று இலண்டனில் பிறந்தார். அவர் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. தந்தை ஈழ விடுதலை இயக்கப் பணிகளில் ஈடுபட்டுத் தலைமறைவாக வாழ்ந்ததால், தாய் கலாவே பிள்ளைகளை வளர்த்தார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது; 1983 சூலையில் நாடெங்கும் தமிழருக்கு எதிரான வன்முறை நிகழ்ந்தது. போர்ச் சூழல் முற்றிய அந்த ஆண்டுகளில் குடும்பம் பலமுறை இடம்பெயர்ந்தது. சில காலம் சென்னையிலும் தங்கியது. 1986 அளவில் தாயும் பிள்ளைகளும் ஏதிலிகளாக இலண்டனை அடைந்தனர். தென் இலண்டனின் மிட்சம் பகுதியில், அரசு குடியிருப்பு ஒன்றில் அவர்கள் வாழ்ந்தனர். தாய் தையல் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார்.

பெரிதும் ஆங்கிலம் அறியாத நிலையில் பள்ளியில் சேர்ந்த மாயா, அண்டை வீடுகளிலும் வானொலியிலும் கேட்ட ஹிப் ஹாப் இசையால் ஈர்க்கப்பட்டார். 1970களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் கறுப்பின, இலத்தீன் அமெரிக்க இளைஞரிடையே தோன்றிய இவ்விசைக்கு மெட்டைவிடத் தாளமும் பேச்சும் முதன்மையானவை. மொழி முழுமையாகப் புரியாத ஒருவரும் தாளத்தின் வழியே இதனுள் நுழைய முடியும்.

பின்னர் அவர் இலண்டனின் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் பயின்றார். 2001 இல் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். சுவர்களில் அச்சுத்தகடு வைத்து வண்ணம் தெளிக்கும் முறையில் அமைந்த அவ்வோவியங்களில் புலி, பனைமரம், துப்பாக்கி போன்ற ஈழப்போர்க் காட்சிகள் பளிச்சிடும் நிறங்களில் இடம்பெற்றன. எலாஸ்டிகா என்ற பிரித்தானிய ராக் குழுவின் 2000ஆம் ஆண்டுத் தொகுப்புக்கு அட்டைப்படம் அமைத்ததும் அவரே. அக்குழுவின் அமெரிக்கப் பயணத்தை ஆவணப்படமாக்கச் சென்றபோதுதான் இசையமைக்கும் எண்ணம் அவருக்கு ஏற்பட்டது.

பெயர்க்காரணம்

"அருளர்" என்பது மாயாவின் தந்தை அருள்பிரகாசத்தின் இயக்கப்பெயர் ஆகும். சோவியத் ஒன்றியத்தில் பொறியியல் பயின்ற இவர், 1975 இல் இலண்டனில் உருவான ஈழப் புரட்சிகர மாணவர் அமைப்பின் (ஈரோஸ்) நிறுவனர்களுள் ஒருவர். தமிழ் வாசகர்களுக்கு இவர் "லங்காராணி" (1978) என்ற புதினத்தின் ஆசிரியராகவும் அறிமுகமானவர். 1977 ஆம் ஆண்டு வன்முறையில் பாதிக்கப்பட்ட தமிழரைக் கொழும்பிலிருந்து வடக்கே ஏற்றிச் சென்ற கப்பலின் பெயரே அப்புதினத்தின் தலைப்பாகும்.

மேலை நாட்டு இதழ்கள் பலவும் இவரைத் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவர் எனத் தொடக்கத்தில் எழுதின. இது பிழையாகும். ஈரோஸ் தனியான கொள்கையும் தலைமையும் கொண்ட வேறொரு இயக்கம்.

தந்தையுடன் மாயாவுக்கு நெருங்கிய தொடர்பு இருக்கவில்லை. இயக்கப்பெயரையே தொகுப்புக்குச் சூட்டினால், இணையத்தில் தம் பெயரைத் தேடும்போது தந்தை தம்மைக் கண்டறியக்கூடும் என எண்ணியதாக அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார். எதிர்பார்த்தவாறே தந்தையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மகளைக் குறித்துப் பெருமை கொள்வதாகக் குறிப்பிட்ட தந்தை, தொகுப்பின் பெயரை மாற்றும்படியும் கேட்டுக்கொண்டார். மாயா மாற்றவில்லை. அருள்பிரகாசம் 2019 இல் காலமானார்.

எம்.ஐ.ஏ. என்ற மேடைப்பெயரும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. போரில் காணாமற்போனவரைக் குறிக்கும் ஆங்கிலப் படைத்துறைத் தொடரின் சுருக்கம் அது. மாயா அப்போது மேற்கு இலண்டனின் ஆக்டன் பகுதியில் வசித்து வந்தார். அவருடைய உறவினர் ஒருவர் இலங்கையில் காணாமற்போயிருந்தார். "காணாமற்போனவர்", "ஆக்டனில் காணாமற்போனவர்" என்ற இரு பொருளும் தோன்ற அப்பெயர் அமைந்தது. ஆக, பாடகியின் பெயர், தொகுப்பின் பெயர் ஆகிய இரண்டுமே அருகில் இல்லாத ஒருவரைச் சுட்டுகின்றன. போரினால் சிதறிய குடும்பங்களில் பொதுவான இந்த இழப்பே தொகுப்பின் அடிநாதம் எனலாம்.

உருவாக்கம்

கருவி

எலாஸ்டிகா குழுவின் பயணத்தில் உடன்சென்ற பீச்சஸ் என்ற கனடியப் பாடகி, ரோலண்ட் எம்சி-505 என்ற கருவியை மாயாவுக்கு அறிமுகப்படுத்தினார். சப்பானிய நிறுவனமான ரோலண்ட் 1998 இல் வெளியிட்ட இக்கருவி, தாளப் பொறி, ஒலியாக்கி, வரிசைப்படுத்தி ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் கொண்டது.

இதன் செயல்முறை எளியது. ஒரு தாளச் சுற்று சம அளவான படிகளாகப் பிரிக்கப்படுகிறது. எந்தப் படியில் எந்த ஒலி எழவேண்டும் என்பதைப் பொத்தான்களால் பதிவு செய்தால், கருவி அச்சுற்றை இடைவிடாது மீண்டும் மீண்டும் இசைக்கும். அதன் மேல் இரண்டாவது ஒலி, மூன்றாவது ஒலி என அடுக்கிச் செல்லலாம். இசைக்குறியீடு படிக்கவோ வாத்தியம் வாசிக்கவோ தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய ஒலிப்பதிவுக் கூடமும் தேவையில்லை. முறையான இசைப்பயிற்சி அற்ற மாயா, தம் வீட்டிலேயே இக்கருவியையும் எளிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும் கொண்டு முதல் பாடல்களை உருவாக்கினார். அருளர் தொகுப்பின் பாடல்களில் மெட்டு குறைவாகவும், கூர்மையான தாளமும் இடைவெளியும் மிகுதியாகவும் இருப்பதற்கு இக்கருவியின் இயல்பும் ஒரு காரணமாகும்.

"கலாங்"

இவ்வாறு உருவான தொடக்கப் பாடல்களுள் ஒன்று "கலாங்". யமேக்கப் பேச்சுவழக்கில் இச்சொல் "போய்க்கொண்டே இரு" என்னும் பொருள் தருவது. எலாஸ்டிகா குழுவின் தலைவி சஸ்டின் ஃபிரிஷ்மன் இப்பாடலின் ஆக்கத்தில் பங்கேற்றார். ஸ்டீவ் மாக்கி, ராஸ் ஆர்ட்டன் ஆகியோர் இதற்கு இறுதி வடிவம் தந்தனர். 2003 இல் சிறு நிறுவனம் ஒன்று 500 இசைத்தட்டுகளை மட்டும் அச்சிட்டு வெளியிட்டது. நடன அரங்குகளிலும் இணையக் கோப்புப் பகிர்வு வழியாகவும் பாடல் பரவியது. இதன் பயனாக எக்ஸ்எல் நிறுவனம் மாயாவுடன் ஒப்பந்தம் செய்தது. இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண்ணின் பாடல், வானொலியின் துணையின்றி இவ்வளவு தொலைவு சென்றதற்கு அக்கால இணையமே வழியமைத்தது.

இலவசக் கலவைத்தொகுப்பு

பிறருடைய பாடல்களிலிருந்து எடுத்த ஒலித்துண்டுகளுக்கு இசைவு பெறுவதில் காலதாமதம் ஏற்பட்டதால் அருளர் தொகுப்பின் வெளியீடு தள்ளிப்போனது. அந்த இடைவெளியில், 2004 இன் இறுதியில், மாயாவும் அமெரிக்க இசைத்தயாரிப்பாளர் டிப்லோவும் இணைந்து "பைரசி ஃபண்ட்ஸ் டெர்ரரிசம்" என்ற கலவைத்தொகுப்பை உருவாக்கினர். அருளர் பாடல்களின் குரல்பகுதிகள் புகழ்பெற்ற பிற பாடல்களின் இசையோடு ஒட்டப்பட்டிருந்தன. இசைவு பெறாதவை ஆகையால் அவற்றை முறைப்படி விற்க இயலவில்லை. நிகழ்ச்சிகளில் கையளிக்கப்பட்ட அத்தொகுப்பு இணையத்தில் வேகமாகப் பரவி, முதல் தொகுப்பு வெளிவரும் முன்பே பாடகியை அறிமுகப்படுத்தியது.

இசையமைப்பு

பழைய ஒலிப்பதிவு ஒன்றிலிருந்து சிறு பகுதியை வெட்டியெடுத்து, அதனைப் புதிய பாடலின் அடித்தளமாக்கும் முறை சாம்ப்ளிங் எனப்படுகிறது. ஹிப் ஹாப் இசையின் அடிப்படை உத்திகளுள் இது ஒன்றாகும். அருளர் தொகுப்பில் இம்முறை பல நாடுகளை இணைக்கும் பாலமாகப் பயன்பட்டுள்ளது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு "பக்கி டன் கன்" என்ற பாடலாகும். "ராக்கி" (1976) என்ற அமெரிக்கத் திரைப்படத்தின் எக்காள இசையைப் பிரேசில் நாட்டுப் பாடகி டெய்ஸி டிக்ரோனா தம் பாடல் ஒன்றில் எடுத்தாண்டார். அப்பாடலின் இசையை மாயாவும் டிப்லோவும் தம் பாடலுக்கு அடித்தளமாக்கினர். அமெரிக்கத் திரையிசை ரியோ டி செனீரோவின் குடிசைப் பகுதிகளுக்குச் சென்று, அங்கிருந்து இலண்டனின் தமிழ்ப்பெண் ஒருவரின் குரலோடு மீண்டும் அமெரிக்காவை அடைந்தது. ஃபங்க் கரியோகா என்ற இசைவகை பிரேசிலுக்கு வெளியே பரவலாக அறியப்படுவதற்கு இப்பாடலும் உதவியது.

"சன்ஷவர்ஸ்" பாடல், டாக்டர் பசர்ட்ஸ் ஒரிஜினல் சவான்னா பேண்ட் என்ற அமெரிக்கக் குழுவின் 1976ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றின் மெட்டை எடுத்தாள்கிறது. "ஓம்ப்ரே" பாடலின் தாளத்தில் இந்தியாவில் வாங்கிய விளையாட்டுப் பொருள்களின் ஒலியும், பேனா, கைப்பேசி போன்றவற்றின் ஒலியும் சேர்க்கப்பட்டுள்ளன. ரிச்சர்ட் எக்ஸ், சுவிட்ச் ஆகிய இசைத்தயாரிப்பாளர்களும் தொகுப்பில் பங்கேற்றுள்ளனர்.

பாடுபொருள்

பாடல்களில் வறுமை, போர், இடப்பெயர்வு, நகர வாழ்க்கை ஆகியவை இடம்பெறுகின்றன. எனினும் அவை நேரடியான கதைகூறலாகவோ அரசியல் உரையாகவோ அமையவில்லை. தெருப்பேச்சு, சிறார் விளையாட்டுப் பாட்டின் சாயல், முழக்கம், நகைச்சுவை ஆகியவற்றின் துண்டுகளாகவே கருத்துகள் வெளிப்படுகின்றன.

"புல் அப் த பீப்பிள்" எளிய மக்களை மேலுயர்த்துவது பற்றியது. "அமேசான்" பாடலில் கடத்தப்பட்டுத் தொலைவில் இருக்கும் ஒருவர் தாம் வாழ்ந்த இலண்டன் பகுதியை எண்ணி ஏங்குகிறார். "டென் டாலர்" பாடல், வறுமையால் உடலை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட இளம்பெண்ணின் வாழ்வைத் தொடுகிறது. "சன்ஷவர்ஸ்" பாடலின் மெட்டு இனிமையானது. ஆனால் அதன் சொற்கள் சந்தேகத்தின் பேரில் சுட்டுக்கொல்லப்படுபவரைப் பற்றியவை. கேட்போரை ஆடவைக்கும் இசையும், அமைதியிழக்கச் செய்யும் சொற்களும் அருகருகே நிற்பதே இத்தொகுப்பின் தனித்தன்மையாகும்.

அட்டைப்படத்தை மாயாவும் அவருடைய கல்லூரி நண்பரான ஸ்டீவ் லவ்ரிட்ஜும் வடிவமைத்தனர். பீரங்கி வண்டி, வெடிகுண்டு, புலி முதலிய உருவங்கள் மாயாவின் முகத்தோடு பளிச்சிடும் வண்ணங்களில் இடம்பெற்றுள்ளன.

வெளியீடும் வரவேற்பும்

"சன்ஷவர்ஸ்" 2004 சூலையில் தனிப்பாடலாக வெளியானது. தென்னிந்தியக் காட்டுப் பகுதியில் படமாக்கப்பட்ட அதன் காணொளியை ராஜேஷ் டச்ரிவர் இயக்கினார். பாடலில் பாலத்தீன விடுதலை இயக்கம் பற்றிய குறிப்பு உள்ளது. அச்சொற்களை நீக்குமாறு எம்டிவி தொலைக்காட்சி கோரியது; மாயா அதற்கு இணங்கவில்லை.

தொகுப்பு ஐக்கிய இராச்சிய விற்பனைப் பட்டியலில் 98ஆம் இடத்தையும், அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 190ஆம் இடத்தையும் மட்டுமே எட்டியது. மாறாக, விமர்சகர்களின் வரவேற்பு மிகச் சிறப்பாக இருந்தது. அமெரிக்காவின் "வில்லேஜ் வாய்ஸ்" இதழ் நூற்றுக்கணக்கான விமர்சகர்களிடையே ஆண்டுதோறும் நடத்திவந்த வாக்கெடுப்பில், 2005ஆம் ஆண்டுக்குரிய பட்டியலில் அருளர் இரண்டாம் இடம் பெற்றது. முதலிடம் கான்யே வெஸ்டின் "லேட் ரெஜிஸ்ட்ரேஷன்" தொகுப்புக்குக் கிடைத்தது. பிரித்தானிய, அயர்லாந்துத் தொகுப்புகளுக்கான மெர்க்குரி பரிசை ஆன்டனி அண்ட் த ஜான்சன்ஸ் குழு வென்றது. கலிபோர்னியாவின் கோச்செல்லா இசைவிழாவில் (2005) மாயாவின் நிகழ்ச்சி முடிந்தபின் பார்வையாளர்கள் கலையாமல் ஆரவாரம் செய்ததால், அவர் மீண்டும் மேடையேறிப் பாடினார்.

சர்ச்சைகள்

அரசியல்

தொகுப்பு உருவானபோது இலங்கையில் 2002 பிப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாடு நடைமுறையில் இருந்தது. விடுதலைப் புலிகள் இயக்கம் அமெரிக்காவில் 1997 இலும் ஐக்கிய இராச்சியத்தில் 2001 இலும் தடை செய்யப்பட்டிருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய சூழலில், புலி உருவமும் ஆயுதப் படங்களும் வன்முறையைக் கவர்ச்சியாக்குகின்றன எனச் சிலர் குற்றஞ்சாட்டினர். தாம் எந்த இயக்கத்துக்கும் பரப்புரை செய்யவில்லை எனவும், தாம் வளர்ந்த சூழலில் கண்டவற்றையே வரைவதாகவும் மாயா விளக்கமளித்தார். படங்களின் பின்புலத்தை விளக்காமல் அழகுப்பொருளாக மட்டும் காட்டுவது முறையா என்ற கேள்வி அப்போது எழுப்பப்பட்டது. போரை வாழ்ந்து கடந்த ஒருவர் அதனைப் பேச வேறு யாருடைய அனுமதியைப் பெறவேண்டும் என்ற எதிர்க்கேள்வியும் எழுந்தது.

நம்பகத்தன்மை

கலைக் கல்லூரியில் பயின்ற ஒருவர் பிரேசில், யமேக்கா நாடுகளின் ஏழை மக்களது இசையை எடுத்தாள்வது பொருத்தமா என்பதும் விவாதத்துக்குள்ளானது. "வில்லேஜ் வாய்ஸ்" இதழிலேயே சைமன் ரெனால்ட்ஸ் இது குறித்து ஐயம் எழுப்பினார். அதே இதழின் மூத்த விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்கௌ இலங்கைப் போரின் பின்னணியை விரிவாக எடுத்துரைத்து, தொகுப்புக்கு ஆதரவாக எழுதினார்.

படைப்புரிமை

இத்தொகுப்பின் இசையை டிப்லோவே உருவாக்கினார் என்ற கருத்தும் ஊடகங்களில் பரவியது. டிப்லோ அருளர் தொகுப்பில் பங்கேற்றது மிகச் சில பாடல்களில் மட்டுமே. அடிப்படை இசைவடிவங்களைத் தம் கருவியில் தாமே உருவாக்கியதாகவும், பெண் படைப்பாளியின் உழைப்பை அருகிலுள்ள ஆணுக்கு உரியதாக்கும் வழக்கம் இதில் வெளிப்படுவதாகவும் மாயா 2007 இல் வெளிப்படையாகக் கூறினார்.

பிந்தைய ஆண்டுகள்

இரண்டாவது தொகுப்புக்கு மாயா தம் தாயின் பெயரான "கலா" (2007) என்பதைச் சூட்டினார். 2006 இல் அமெரிக்க விசா கிடைப்பதில் ஏற்பட்ட தடையால், அங்கே நடைபெறவிருந்த ஒலிப்பதிவு இந்தியா, டிரினிடாட், ஆத்திரேலியா உள்ளிட்ட பல நாடுகளில் நிகழ்ந்தது. சென்னையில் உறுமிமேளக் கலைஞர்கள் வாசித்த தாளம் அத்தொகுப்பின் பாடல்களில் இடம்பெற்றது. அதிலுள்ள "பேப்பர் பிளேன்ஸ்" 2008 இல் பில்போர்டு பட்டியலின் நான்காம் இடத்தை எட்டியது. ஏ. ஆர். ரகுமானுடன் இணைந்து "சிலம்டாக் மில்லியனர்" படத்துக்கு உருவாக்கிய பாடல் 2009 ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அருளர் காலம் உள்ளிட்ட மாயாவின் வாழ்வை லவ்ரிட்ஜ் ஆவணப்படமாக்கி 2018 இல் வெளியிட்டார்.

தமிழ்ச் சூழலில் இத்தொகுப்பு

தமிழ்த் திரையிசையில் "காதலன்" (1994) படத்தின் "பேட்டை ராப்" பாடல் இவ்விசையைப் பரவலாக்கியது. மலேசியாவில் யோகி பி, நட்சத்திரா குழுவின் "வல்லவன்" (2006), கோவையைச் சேர்ந்த ஆதியின் "ஹிப் ஹாப் தமிழன்" (2012), அறிவும் ஆஃப்ரோவும் இணைந்து உருவாக்கிய "தெருக்குரல்" (2019) ஆகியவை தமிழ்மொழியிலேயே அமைந்த ஹிப் ஹாப் முயற்சிகளாகும். அருளர் இவ்வரிசையில் நேரடியாகச் சேர்வதில்லை. அதன் மொழி வேறு. அது நோக்கிப் பேசிய கேட்போரும் வேறு.

ஆயினும் பொதுவான ஒரு கூறு உண்டு. திரைப்படத்தையோ பெரும் நிறுவனத்தையோ சாராமல், எளிய கருவியும் சொந்த அனுபவமும் கொண்டு முதல் தொகுப்பை உருவாக்க முடியும் என்பதை இவை அனைத்தும் காட்டின. அருளர் அதனைத் தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் வெளியே, பதிவேடுகளில் ஏதிலி என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த ஒரு சிறுமியின் குரலில் செய்தது. தந்தையைத் தேடுவதற்காக இடப்பட்ட ஒரு தமிழ்ப்பெயர், அதன் பொருள் அறியாத நாடுகளின் இசைக்கடைகளிலும் இடம்பெற்றது.